எடுத்தவர்தான் விடணும்

க்யூ எழுத்தை அமுக்கினால் மூடிக்கொள்ளும் என்று சொல்லியிருந்தாள். அமுக்கினார். மூடவில்லை. திரையில் ஆ என்று ஓர் எழுத்து விழுந்தது.

அவள் கடைசியாக அடித்துவைத்துவிட்டுப் போன வரியின் வாலில் போய் அது ஒட்டிக்கொண்டது. தனுஷ்கோடி விரலைத் தூக்கிப் பார்த்தார். சரியாக அமுங்கவில்லையோ என்னவோ. மறுபடி அமுக்கினார். இன்னொரு ஆ. கோபம் வந்தால் அவருக்குக் கை நிற்காது, ஆயுசுக்கும் ஹாரன் அடித்த கை, விடாமல் அமுக்கினார், ஆஆஆ என்று ஓடியது, எங்கேயோ ஒருவன் அடிபட்டுக் கத்துகிற மாதிரி, சத்தம் மட்டும் இல்லை. சட்டென்று கையை உருவி மடியில் வைத்துக்கொண்டார். என்ன காரியம் செய்துவிட்டோம். மூன்று வாரமாக ஒருத்தரையும் அண்டவிடாமல் காத்த வரி. துக்கத்துக்கு வந்தவர்கள் கை வைக்கவிடவில்லை, கருமாதிக்கு வந்த கொழுந்தியாள் தூசி துடைக்கிறேன் என்று துணியோடு வந்தபோது தள்ளிப் போ என்று உறுமினார், அவள் இன்றைக்கு வரைக்கும் பேசவில்லை, பேசாவிட்டால் போகட்டும். அப்படிக் காத்த வரியில் தானே சேற்றை அப்பியாயிற்று. சுவரில் மணி எட்டரையைத் தாண்டியிருந்தது. ஒன்பதுக்குக் கரண்ட் போகும். மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை, நேற்றே போனில் வந்துவிட்டது. மேஜைக்கு அடியில் இருக்கிற யுபிஎஸ் கால் மணி நேரம் தாங்கும், அதுவும் பேட்டரி புதிதாக இருந்தபோது. அதற்குப் பிறகு கீச்சு கீச்சு என்று கத்திவிட்டுச் சாகும். அது செத்தால் திரை சாகும். திரை செத்தால் அவள் பதியாமல் விட்ட வரி போய்விடும். வரி போனால் போகிறது என்று விட முடியாது, அந்த வரியில் ஓர் ஆள் இருக்கிறான்.

ஆள் என்றால் ரத்தம் கொடுக்கிற ஆள். அவர் மனைவி செண்பகவல்லி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றவள் சும்மா இருந்தாளா, கோவில்பட்டியைச் சுற்றி யார் யார் என்ன வகை ரத்தம், யார் எப்போது கடைசியாகக் கொடுத்தது, யாரைக் கூப்பிட்டால் மறுக்காமல் வருவான் என்று சேர்க்க ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள், பிரசவத்துக்குச் சேர்த்த பெண்ணின் புருஷன் எவனாவது அழுதுகொண்டே கூப்பிடுவான், இவள் பார்த்துச் சொல்லுவாள். மகன் பரணி காலேஜில் வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அவளுக்குக் கை நடுக்கம். மவுஸ் என்கிற எலி பிடிக்க வரவில்லை, அம்பு திரையில் தாறுமாறாக ஓடியது, இவர் பக்கத்தில் நின்றுகொண்டு, பூனை வளர்த்திருக்கலாம் என்றார். பரணிதான் எலியே வேண்டாத ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். படம் கிடையாது, பட்டன் கிடையாது. கருப்புத் திரை, வெள்ளை எழுத்து, கட்டம் கட்டமாகப் பேர்களும் நம்பர்களும். அம்புக்குறிச் சாவிகளை வைத்து மேலே கீழே போகலாம், அவ்வளவுதான். அதில் தமிழ் எழுத்து ஒழுங்காக நிற்காது, கொம்பு ஒரு பக்கம் துணைக்கால் ஒரு பக்கம் என்று விலகி நிற்கும், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்த மாதிரி. அவளுக்கு அது போதும். காலையில் காப்பி குடித்த கையோடு உட்காருவாள். ஆங்கிலத்தில் ரெண்டு எழுத்து, ஓர் இடைவெளி, ரத்தம் என்பதை ஆங்கில எழுத்தில், பிறகு எண்டர். இவர் பின்கட்டில் பல் தேய்த்துக்கொண்டே கேட்டிருக்கிறார். டக் டக், டொம், பிறகு டகடகடக, கடைசியில் ஒரு தட்டு. திறந்தாச்சு. வேலை முடிந்தால் ஒரே ஒரு டக், உடனே நாற்காலி பின்னால் நகரும் சத்தம். மூடியாச்சு. உன் கருப்புப் பலகையைத் துடைச்சாச்சா டீச்சரம்மா என்பார். நான் டீச்சர் இல்ல, நர்ஸு, கொண்டாங்க கையை, ஊசி போடுதேன் என்பாள். ஒரு தடவை இவரைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கவும் செய்தாள். திறக்கிறதுதான் கொஞ்சம் கஷ்டம், மூடுறதுக்கு ஒரு எழுத்துதான், அந்தா, வால் முளைச்ச வட்டம் இருக்குல்லா, அதுதான் க்யூ, அதை ஒரு தட்டு. எனக்கு எதுக்கு இதெல்லாம் என்று எழுந்துவிட்டார். ஒரு ஆத்திரம் அவசரத்துக்கு என்றாள். என்ன ஆத்திரம், என்ன அவசரம், நீ இருக்கியே. நீ இருக்கியே என்றுதான் சொன்னார். அந்த வார்த்தை இப்போது எதற்கு ஞாபகத்துக்கு வரணும். மணியைப் பார். வால் முளைத்த வட்டம் இதோ இருக்கிறது, அமுக்கினால் ஆ. சாவியின் மேல் ஆங்கிலம்தான் இருக்கிறது. தமிழ் அவள் விரலில் இருந்தது.

அமத்தாமலே விட்டது தப்பு என்று பரணி சொல்லுகிறான். வண்டி ஓட்டினவனுக்குத் தெரியும். செல்ஃப் எடுக்காத வண்டியைப் பாதி வழியில் எவனாவது அமத்துவானா. பழைய வண்டி ஒன்று அவர் தலையில் கட்டியிருந்தார்கள், பேட்டரி போன வண்டி, டிப்போவில் நாலு பேர் தள்ளிக் கிளப்பிவிட்டால் ராத்திரி திரும்புகிறவரை இன்ஜினை அணைக்கக் கூடாது. பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிறபோதும் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்த வேண்டி வந்தால் இறக்கமாகப் பார்த்து நிறுத்த வேண்டும். அந்த வண்டியில்தான் அவள் ஏறுவாள், சுகாதார நிலையத்துக்குப் பாதை பிரிகிற விலக்கில். சில நாள் வேலை முடியாது, வர நேரமாகும். இவர் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு நிற்பார். கண்டக்டர் சுடலைமுத்து படிக்கட்டில் தொங்கியபடி, அண்ணாச்சி, வண்டி நிக்கிறது பேட்டரிக்கா, நர்ஸம்மாவுக்கா என்று கேட்பான், வண்டி முழுக்கச் சிரிக்கும், இவர் கியர் கம்பியையே பார்த்துக்கொண்டிருப்பார். வெள்ளைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள், மூச்சு வாங்கும், முன் சீட்டில் உட்காருவாள், டெட்டால் வாடை. ஒரு நாளும் அவளை விட்டுவிட்டு எடுத்தது இல்லை. இப்போதும் அப்படித்தான், இந்த வண்டியும் ஓடிக்கொண்டே நிற்கிறது, மூன்று வாரமாக உறுமிக்கொண்டு, விலக்கில் ஒருத்தியையும் காணோம். டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியை எடுத்தவர்தான் கொண்டுவந்து விடணும். நடுவில் கை மாறாது. இதை எடுத்தவள் அவள். காலையில் அவள்தான் திறந்தாள், ரெண்டு எழுத்து, இடைவெளி, ரத்தம், எண்டர், அவள் கையால் திறந்தது, அன்றைக்குத் திறந்தது இன்னும் அடைபடவில்லை. அது திறந்திருக்கிறவரைக்கும் அந்தக் காலை இன்னும் முடியவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தாரா. அப்படி நினைக்க அவர் என்ன பைத்தியமா. மின்விசிறியைக் கூட அளவாகப் போடுகிற மனுஷன், இதை மட்டும் ராவும் பகலும் ஓடவிட்டார், பக்கத்தில் போனால் ஒரு சூடு அடித்தது, தூங்குகிற உடம்பில் அடிக்கிற சூடு, அதற்காகத்தான் அங்கே போய் உட்கார்ந்தார், போதுமா.

அன்றைக்கு அவர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். பாசியைச் சுரண்டி, மிச்சத் தண்ணீரை வாரி ஊற்றி, தொட்டிக்குள்ளே நிற்கிறபோது வெளியே உலகம் ஓடுகிற சத்தம் ஒன்றும் கேட்காது, தன் மூச்சுத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கும். நனைந்து இறங்கி வந்து, துண்டு எங்கே என்று கேட்டார். பதில் இல்லை. நாற்காலியில் தலை சாய்ந்திருந்தது, கை சாவிகளின் மேலேயே இருந்தது, மேஜையில் போன். காலங்காத்தால தூக்கமா என்று ஏசினார். ஏசிக்கொண்டே தலையைத் துவட்டினார். ரெண்டு தரம் துவட்டி முடித்த பிறகுதான் அந்தக் கையைப் பார்த்தார். நடுங்கவில்லை. எத்தனை வருஷமாக நடுங்கின கை. வேண்டாம், அதற்குள் போகாதே, மணி எட்டு நாற்பது, வேலையைப் பார்.

காலையில் எட்டு மணிவாக்கில் பரணிக்குப் போன் போட்டார். கோயம்புத்தூரில் கம்பெனி வாசலில் நின்றுகொண்டு பேசினான். ஸ்விட்சை அமத்திருங்கப்பா, எத்தனை நாளைக்கு இப்படி ஓடவிடுவீங்க, மிஞ்சிப் போனா அம்மா கடைசியா அடிச்ச ஒரு வரி போகும், மத்ததெல்லாம் உள்ளே பத்திரமா இருக்கு, முறையா மூடணும்னா பத்து மணிக்குக் கூப்பிடுதேன், இப்ப மீட்டிங் என்றான். பத்து மணிக்குக் கூப்பிட்டு என்ன செய்ய, பாடைக்கு முன்னால் போக வேண்டியவன் கருமாதிக்கு வருகிற மாதிரி. ஒரு வரிதானே. ஒரு வரிதானே என்கிறான். அவளுக்கு வரி என்று ஒன்று இருந்ததா, ஆள்தான் இருந்தது. பேர், ஊர், வகை, நம்பர், அதோடு நின்றாளா, கடைசிக் கட்டத்தில் குறிப்பு என்று ஒன்று வைத்துக்கொண்டு எழுதுவாள். ஊசியைப் பார்க்க மாட்டார், பேச்சுக் கொடுக்க வேண்டும். மாமியாருக்குத் தெரியாமல் வருகிறாள், வீட்டு நம்பரில் கூப்பிடக் கூடாது. கொடுத்துவிட்டு உடனே எழுந்து ஓடுவான், பிடித்து உட்காரவை. அடித்து முடித்ததும் வாய்விட்டு வாசிப்பாள், இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, ஊர் வம்பு முழுக்க உள்ளே இருக்கு என்பார். அவர் பேரும் இருக்கிறது. வயது தாண்டி எத்தனையோ வருஷம் ஆயிற்று, இனிமேல் எடுக்க மாட்டார்கள், என் பேரைத் தூக்கு என்று சொல்லிப் பார்த்தார். மாட்டேன் என்றாள். உங்களுக்கு என்ன எழுதியிருக்கேன் தெரியுமா என்று கேட்டு, அவர் தெரிய வேண்டாம் என்ற பிறகும் வாசித்தாள். கூப்பிட வேண்டாம், தானே வருவார். அதற்கு அவர் என்ன சொன்னார். குழம்பு அடிப்பிடிக்குது பார் என்றார். ஆமாம், அதைத்தான் சொன்னார்.

பின்னால் அழிக்கிற சாவி எது என்று தெரியும், மேலே வலது பக்கம், நீளமாக இருப்பது. அமுக்கினால் ஆ போகும். நிறுத்தத் தெரியாமல் ஒன்று கூட அமுக்கிவிட்டால் அவள் எழுத்து போகும். போனதைத் திரும்ப அடிக்க அவருக்கு விரலில் தமிழ் கிடையாது. ஒரு கொம்பு போனாலும் போனதுதான். எண்டரைத் தட்டலாமா. தட்டினால் பதியுமா, பறக்குமா. யாருக்குத் தெரியும். அடுத்த வீட்டுக் கோமதிநாயகத்திடம் நேற்று கேட்டார், இன்வெர்ட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்துக்கிடலாமா என்று. அதற்கென்ன மாமா, தாராளமா, ஆனா அது ரெண்டு மணி நேரம் தாங்கினாலே பெரிசு என்றான். லாரி பேட்டரி ஒன்று வாங்கி மாட்டினால் என்ன என்று ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டார். போட்டு, மாட்டி, நாளைக்கு இன்னொரு பராமரிப்பு, மழைக் காலத்தில் ரெண்டு நாள் கரண்ட் இல்லை, எத்தனை பேட்டரி. அமத்தாமலே ஒரு வண்டியை எவ்வளவு தூரம் ஓட்டுவான் ஒருத்தன். விடியற்காலையில் எழுந்து முகம் கழுவி, சரி, மூடுவோம் என்று முடிவு செய்து, சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மூடுவதற்கு எதற்குச் சட்டை. போட்டுக்கொண்டார். உட்கார்ந்து, அவள் படத்தைப் பார்க்காமல், வால் முளைத்த வட்டத்தைத் தேடி, அமுக்கினார். அப்புறம்தான் ஆ. மனசைக் கல்லாக்கிக்கொண்டு வந்தவனைக் கதவு உள்ளேயும் விடவில்லை, வெளியேயும் விடவில்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரியை வாசித்தார். மூன்று வாரமாக அந்தப் பக்கம் பார்த்திருக்கிறார், வாசித்ததில்லை, வாசித்தால் தீர்ந்துபோகும் என்று ஒரு பயம். பேரும் ஊரும் திரைக்கு இடது பக்கமாக மறைந்து கிடந்தன, கண்ணில் பட்டது வகை, பி நெகட்டிவ், லேசில் கிடைக்காத வகை என்று அவள் அடிக்கடி சொல்லுவாள். அடுத்த கட்டத்தில் தொழில், அச்சகத்தில் டைப் செய்கிறவர். அதற்கடுத்து போன் நம்பர். அதற்கும் அடுத்து குறிப்பு. அம்மா போய் ஒரு மாதம்தான். கூப்பிடும்போது முதலில் சாப்பிட்டானா என்று. அவ்வளவுதான். என்று, அதற்குப் பிறகு அவருடைய ஆஆஆ. அச்சகத்தில் டைப் செய்கிறவர். அவர் அந்த வார்த்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தார், இவனுக்கு விரலில் தமிழ் இருக்கும். இந்த நம்பரோடுதான் அவள் கடைசியாகப் பேசினாள் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. பேசிக்கொண்டே அடிப்பாள், போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு. அந்தப் போன் எங்கே, எந்த டிராயரில், சார்ஜ் இல்லாமல் அன்றைக்கே செத்திருக்கும், கம்ப்யூட்டரைக் காத்தவர் அதைக் கவனிக்கவில்லை. தன் பட்டன் போனை எடுத்தார். எட்டு ஐம்பது. நம்பரை ஒவ்வொன்றாகத் திரையில் பார்த்துப் பார்த்து அமுக்கினார். அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிற சத்தம், அதற்கு மேல் ஓர் ஆம்பளைக் குரல், சின்ன வயதில்லை, நாற்பது இருக்கும்.

கோவில்பட்டியிலிருந்து பேசுதேன், நர்ஸ் செண்பகவல்லியோட வீட்டுக்காரர் என்றார். அவன் குரல் மலர்ந்தது. அண்ணாச்சி, சொல்லுங்க, சிஸ்டர் நல்லா இருக்காங்களா, அன்னைக்கு லைன்ல இருந்தாங்க, திடீர்னு பேச்சையே காணோம், மறுநாள் போட்டேன், ஆஃப்னு வந்துச்சு என்றான். தனுஷ்கோடிக்கு வளைத்துப் பேச வராது.

"அவ போயிட்டா" என்றார். "அன்னைக்கே."

மிஷின் சத்தம் தூரமாகிப் போயிற்று, வெளியே எங்கேயோ நடந்து வந்திருக்கிறான். மெல்லப் பேசினான். சிவகாசியில் காலண்டர் அடிக்கிற அச்சகத்தில் வேலையாம். அவன் அம்மாவைக் கோவில்பட்டியில் சேர்த்திருந்தபோது சிஸ்டர் அனுப்பிய ஆள்தான் வந்து ரத்தம் கொடுத்தாராம். அம்மா பிழைக்கவில்லை. ஆனாலும் ஒருத்தர் வந்தாரே என்று இருந்ததாம், அதனால் தன் பேரையும் சேர்க்கச் சொல்லி அன்றைக்குக் கூப்பிட்டானாம். எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாளாம். கடைசியில், சாப்பிட்டியாப்பா என்று கேட்டாளாம். இல்லை சிஸ்டர், வீட்டில் இப்ப யாரும் கேக்கிறது இல்லை என்று இவன் சொன்னானாம். "கொஞ்சம் இரு, எழுதிக்கிடுதேன்னு சொன்னாங்க அண்ணாச்சி. தட்டுற சத்தம் கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. பிறகு கேக்கல. நானும் ஹலோ ஹலோன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

தட்டுகிற சத்தம். தனுஷ்கோடி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனை வருஷம் பல் தேய்த்துக்கொண்டும் பேப்பர் படித்துக்கொண்டும் கேட்ட சத்தம், கடைசித் தட்டு மட்டும் எவனோ ஒருத்தன் காதில் போய் விழுந்திருக்கிறது, சிவகாசியில், மிஷின் இரைச்சலுக்கு நடுவில், அவர் தொட்டிக்குள்ளே நின்று தன் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தபோது. அவருக்குச் சேர வேண்டியது அது. அவன் மேல் ஒரு கணம் எரிச்சல் வந்தது, பிடுங்க முடிந்தால் பிடுங்கியிருப்பார். எப்படிக் கேட்டுச்சு என்று கேட்க நினைத்தார், வேகமாகவா, மெள்ளவா, நடுவில் நின்று நின்றா. கேட்கவில்லை. எட்டு ஐம்பத்தைந்து. விஷயத்தைச் சொன்னார். கரண்ட் போகப் போவுது, இதை மூடணும், அவ அடிச்சது போகக் கூடாது, உன் பேரும் இதிலேதான் இருக்கு, க்யூ அமுக்கினா ஆ வருது.

அவன் ஒரு நொடி யோசிக்கவில்லை. அப்ப தமிழ்ல நிக்குது அண்ணாச்சி, சிஸ்டர் தமிழ்ல அடிச்சுக்கிட்டு இருந்தாங்கல்ல, அப்படியே நிக்குது, அதுல க்யூ இருக்கிற இடத்துலதான் ஆ, எங்களுக்கு நாள் பூரா இதே பொழப்புதான் என்றான். அவ்வளவுதானா. அவள் தமிழிலேயே இருக்கிறாள், இவர்தான் ஆங்கிலத்தில் கதவைத் தட்டியிருக்கிறார். ஆங்கிலத்துக்கு மாற்ற ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்த்து அமுக்கச் சொன்னான், அமுக்கினார். எத்தனை ஆ விழுந்திருக்கு, எண்ணுங்க, எண்ணின அளவுக்கு மட்டும் அழிங்க, அவசரமே வேண்டாம் என்றான். விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினொன்று. ஒவ்வொன்றாக அழித்தார், ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டுச் சொன்னார், எட்டு, ஒன்பது, பத்து, கடைசி ஒன்றுக்கு விரல் நின்றது, நடுங்கியது, இது யாருடைய நடுக்கம், அமுக்கினார். ஆ இல்லை. அவள் வரி மட்டும் நின்றது.

"என்ன எழுதியிருக்காங்கன்னு வாசிங்க அண்ணாச்சி, சரியா இருக்கான்னு பாத்துருவோம்."

வாசித்தார். "அம்மா போய் ஒரு மாதம்தான். கூப்பிடும்போது முதலில் சாப்பிட்டானா என்று." நிறுத்தினார். "அதோட நிக்கி."

எங்கேயோ ஒரு சைக்கிள் மணி, அவன் பக்கத்திலா இவர் பக்கத்திலா தெரியவில்லை. முடித்துவிடலாமா அண்ணாச்சி, நான் சொல்லச் சொல்ல நீங்க அடிக்கலாம், கேட்க வேண்டும்னு ரெண்டு வார்த்தை என்று அவன் மெதுவாகக் கேட்டான். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். சொல்லிவிட்டுத் திரையையே பார்த்தார். சாப்பிட்டானா என்று. கூப்பிடும்போது முதலில். கூப்பிட்டாயிற்று. முதலில் கேட்டிருக்க வேண்டியது, இவ்வளவு நேரம் தன் காரியத்தையே பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி. இனிமேதான்."

"மணி ஒம்பதாவுது. என்ன பழக்கம் இது."

சொல்லி வாயை மூடவில்லை, தலைக்கு மேல் மின்விசிறி இளைத்து நின்றது. மேஜைக்கு அடியில் யுபிஎஸ் கீச்சிட ஆரம்பித்தது. அவனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும், குரல் கொஞ்சம் விரைசலாயிற்று. எண்டர் தட்டுங்க, எழுதினது அந்தக் கட்டத்துல உக்காந்துரும். தட்டினார். வரி உட்கார்ந்தது. கண்ட்ரோலைப் பிடிச்சுக்கிட்டே எஸ்ஸை ஒரு தட்டு, அது பதியும். தட்டினார், அடியில் ஆங்கிலத்தில் என்னமோ ஒரு வரி வந்து போயிற்று, வந்துச்சா என்றான், வந்துச்சு என்றார். அப்ப பத்திரம் அண்ணாச்சி. இனி க்யூ அடிங்க, மூடிரும்.

வால் முளைத்த வட்டம். விரலை அதன் மேல் வைத்தார். யுபிஎஸ் கத்துகிறது. இனி ஒன்றும் போகாது, வரி பத்திரம், ஆள் பத்திரம். அப்படியென்றால் இனி சாக்குச் சொல்லி உட்கார்ந்திருக்கவும் முடியாது. இதுவரைக்கும் மூடத் தெரியாது என்று ஒன்று இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. திறந்தவள் கை இதே சாவிகளில் கிடந்தது, இந்த வரிசையில், இந்த மேட்டில், அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை, யாரும் மூடவில்லை, இந்த ஒரு தட்டுத் தட்டினால் அவள் அந்தக் காலையில் எழுந்து நாற்காலியை நகர்த்தியிருக்க வேண்டிய இடம் வந்துவிடும், நாற்காலி நகராது. விலக்கில் பார்த்தார். வெள்ளைச் சேலை ஓடி வரவில்லை. அண்ணாச்சி, அடிச்சிட்டீங்களா என்று காதில் அவன் கேட்டான். இரு என்றார். சுடலைமுத்து படிக்கட்டில் நின்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான், போதும் அண்ணாச்சி, இன்னைக்கு வர மாட்டாங்க, எடுங்க வண்டியை. எடுத்ததில்லை. ஒரு நாளும் எடுத்ததில்லை. எடுத்தவர்தான் விடணும் என்பது வழக்கம்தான், ஆனால் ஓட்டிக்கொண்டிருந்தவன் பாதி வழியில் மாரைப் பிடித்துச் சாய்ந்துவிட்டால் பக்கத்தில் இருக்கிறவன்தானே பிரேக்கை மிதிக்கணும், யாரைக் கேட்டு மிதிப்பான். டக்.

கட்டங்கள், பேர்கள், நம்பர்கள், எல்லாம் ஒரே மூச்சில் இல்லாமல் போயின. கருப்பில் ஓரமாக ஒரு சின்ன வெள்ளைக் கோடு மட்டும் மினுங்கி மினுங்கி நின்றது.

மூடிட்டுது என்றார். அவன் சரி அண்ணாச்சி என்றான். வேறு என்னவோ சொல்ல வந்தான், அழுகிறானோ என்று இவருக்குப் பட்டது, இவரால் அதற்கெல்லாம் நிற்க முடியாது. "போய்ச் சாப்பிடு" என்றார், போனை வைத்துவிட்டார்.

யுபிஎஸ் கடைசியாக ஒரு நீளக் கீச்சு விட்டு அடங்கியது. திரை அணைந்தது. வீட்டில் இப்படி ஒரு அமைதி இருந்தது என்பதே மறந்துபோயிருந்தது, மூன்று வாரமாக அந்த உறுமலைத் துணைக்கு வைத்திருந்தார். கையை எடுத்துத் திரையின் முதுகில் வைத்தார். சூடு இருந்தது. வைத்துக்கொண்டே இருந்தார், அது ஆறுகிறவரைக்கும். சட்டை முதுகில் நனைந்து ஒட்டியது. அழுதாரா என்றால், வேர்வை எது கண்ணீர் எது என்று யார் பார்த்தது, கரண்ட் இல்லாத வெயில். வெகு நேரம் கழித்துத்தான் அது மண்டையில் தட்டியது. அவன் பேரைக் கேட்கவில்லை. அம்மா செத்தவன், அவள் தட்டினதைக் கடைசியாகக் கேட்டவன், இவருக்குக் கதவைத் திறந்துவிட்டவன், பேர் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று போனை எடுத்தார், எடுத்து வைத்தார். அதுதான் உள்ளே இருக்கிறதே. அவள் எழுதிவைத்திருப்பாள்.

ரெண்டு மணிக்கு மின்விசிறி ஒரு முறை முனகிவிட்டுச் சுற்றியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செல்ஃப் எடுக்குமா. பட்டனை அமுக்கினார். உள்ளே ஏதோ சுழன்றது, இருமியது, பிடித்துக்கொண்டது. கருப்புத் திரையில் வெள்ளைக் கோடு வந்து மினுங்கியது. ஒரே விரலால் தேடினார். ரெண்டு எழுத்து. இடைவெளி. ரத்தம் என்பதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார், அப்படி ஒன்று கிடையாது என்று ஆங்கிலத்தில் ஏசியது. உனக்கும் அப்பன் நான் என்று மறுபடி அடித்தார். டக், டக், டொம், ஒவ்வொன்றாக, அவள் அடித்த வேகத்தில் கால் பங்கு கூட இல்லை, ஆனால் அதே சத்தம். எண்டர். கட்டங்கள் எழும்பி நின்றன. வெளிச்சக் கட்டம் முதல் வரியில் முதல் பேரின் மேல் நின்றது. தனுஷ்கோடி. அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பார்த்தார். முதல் முதலாக அவள் ஏற்றின பேர் அவருடையது போலிருக்கிறது. அப்படியென்றால் திறந்த ஒவ்வொரு காலையிலும் இது இங்கேதான் வந்து நின்றிருக்கிறது, அவர் பின்கட்டில் நின்று டீச்சரம்மா என்று கேலி செய்த ஒவ்வொரு காலையிலும். ஏ செண்பகம் என்றார், சத்தமாகவே சொல்லிவிட்டார். பிறகு அம்புக்குறியை அமுக்கிக் கீழே இறங்க ஆரம்பித்தார், ஒவ்வொரு பேராக, ஓடாமல், தெரிந்தவர்களும் தெரியாதவர்களும், ஊசியைப் பார்க்காதவரும் எழுந்து ஓடுகிறவனும், எல்லோரையும் தாண்டி, கடைசி வரிக்கு வந்து நிறுத்தினார். பால்வண்ணன்.